கமான் பட்டையும் புது டயரும்

தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் பூரணாங்குப்பம். தார், செம்மண், வேகத்தடை, கடலோர மணல் என எல்லாவற்றிலும் தினமும் ஓடுகிற பொலேரோவைப் பார்க்கிறவர்கள் நிறத்தைச் சொல்வார்கள். குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்க்கிறவர்கள் குறைவு.

அழகு அங்கேதான் இருக்கிறது. முன்னே சுருள் வில், பின்னே எண்ணெய்க் கறுப்பேறிய கமான் பட்டை. பாரம் ஏறினால் பட்டை நிமிரும், இறங்கினால் வளையும். அந்தத் துள்ளலை ஷாக் அப்சார்பர், உள்ளிருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கி அனுப்பி அடக்குகிறது. தேய்ந்ததை மாற்றியபின், வேகத்தடை தாண்டிய வண்டி ஒரே அசைவில் அமர்வது இடுப்புக்கே தெரியும். நல்ல மெக்கானிக்கின் பொறுமை ரப்பர் புஷ் மாட்டும்போது வெளிப்படும். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் அவர் போல்ட்டை முழுதாக முறுக்குவதில்லை. தரையில் இறக்கி, எடை சக்கரங்களில் உட்கார்ந்த பிறகே கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் திருகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

புது டயரின் முகத்தில் பூனைமீசை போல ரப்பர் இழைகள் நீட்டியிருக்கும். தடவிப் பார்க்காமல் யாரும் நகர்வதில்லை. 215/75 ஆர்15 இருந்த இடத்தில் 235/75 ஆர்15 போட்டால் டயரின் விட்டம் 30 மி.மீ. கூடும், வண்டி 15 மி.மீ. உயரும், ஸ்பீடோமீட்டர் அதே வேகத்தை முன்பைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் மெக்கானிக் சாவியைக் கொடுப்பார்.