படத்தில் இருக்கும் ஈ எது?

பட்டாம்பூச்சியைத் துரத்திப் படமெடுக்கும் நாம் ஈயைக் கண்டால் கையை வீசி விரட்டுகிறோம். ஒருமுறை அதைப் படமெடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா ஈயும் ஒன்றல்ல என்பது உடனே தெரியும்.

முதலில் இறக்கைகளை எண்ணுங்கள். தேனீக்கும் குளவிக்கும் நான்கு, ஈக்கு இரண்டே. பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசி போல ஒரு ஜோடி உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும்போது உடல் சாய்வதையும் திரும்புவதையும் உணர்த்துவது அதுதான். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டு, பூவுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நிற்கும் பூச்சிக்கு இரண்டே இறக்கை இருந்தால், அது மலர் ஈ. குளவி வேஷம் போட்டாலும் அதற்குக் கொடுக்கு கிடையாது.

அடுத்து முதுகு. சாம்பல் முதுகில் நான்கு கருங்கோடுகள் ஓடினால் பெரும்பாலும் வீட்டு ஈ. கோடுகள் மூன்றாகி, வயிற்றில் கறுப்பும் வெள்ளியுமாகக் கட்டங்கள் தெரிந்தால் இறைச்சி ஈ. உடல் முழுக்கப் பச்சையோ நீலமோ உலோகம்போல் மின்னினால், மீன் கழிவில் மொய்க்கும் பச்சை ஈ வகை.

பிறகு கண்கள். பல வகைகளில் ஆணின் கண்கள் உச்சந்தலையில் ஒட்டியிருக்கும். பெண்ணுக்கு நடுவே இடைவெளி உண்டு. இரு கண்களுக்கும் இடையே பள்ளம் விழுந்து, முகத்தில் தாடி மயிர் அடர்ந்திருந்தால் அது பிற பூச்சிகளைப் பறந்து பிடிக்கும் வேட்டைக்கார ஈ.

கண் பழகியபின் இறக்கை நரம்புகளுக்கு வாருங்கள். வீட்டு ஈயின் இறக்கையில் ஒரு நரம்பு நுனிக்குச் சற்று முன்னால் சட்டென்று வளைந்து மேலேறும். மலர் ஈயின் இறக்கை நடுவே, முனை எதிலும் சேராமல் ஒரு பொய் நரம்பு ஓடும். வெளிச்சம் ஊடுருவும்படி எடுத்த படத்தில் இவை தெளிவாகத் தெரியும்.

ஆகவே ஒரே ஈயை மேலிருந்தும், பக்கவாட்டிலும், முகத்துக்கு நேராகவும் எடுங்கள். குளிர்ந்த காலை நேரத்தில் ஈக்கள் மந்தமாக இருக்கும், நெருங்குவது எளிது. இடம், தேதி, உட்கார்ந்திருந்த செடி ஆகியவற்றையும் குறித்துவையுங்கள்.

எல்லாப் படமும் இனத்தின் பெயர்வரை கொண்டுசெல்லாது. இறைச்சி ஈக்களில் பலவற்றை, ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். அங்கே ‘இறைச்சி ஈ’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மையான விடை. ஊகித்து எழுதிய இனப்பெயரைவிட, உறுதியாகத் தெரிந்த குடும்பப் பெயருக்கே மதிப்பு அதிகம்.