லேசு சக்கரத்தில் இருக்கிறது

சைக்கிள் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் செய்யும் காரியம், வண்டியை நடுக்கம்பியில் பிடித்துத் தூக்கிப் பார்ப்பது. சேலத்திலும் பார்க்கிறேன், நாமக்கல்லிலும் பார்க்கிறேன், ராசிபுரத்துச் சின்னக் கடையிலும் அதேதான். தூக்கியவர் முகம் மலர்ந்துவிட்டால் விலைப்பேச்சு தொடங்கிவிடும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்த்தி, ஒரு சுண்டு சுண்டிவிட்டு, அது ஓய்ந்து நிற்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் அபூர்வம். அப்படிப்பட்ட ஒருவரைக் கண்டால் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. லேசான வண்டியை எங்கே தேடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தராசு காட்டும் எடை ஒன்று, காலுக்குத் தெரியும் கனம் இன்னொன்று. கம்பி பிரேக் போட்ட பழைய ரோட்ஸ்டர் 20 கிலோவைத் தொடும். பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள், திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்துக்கோ, ஆண்டகளூர்கேட்டிலிருந்து ராசிபுரத்துக்கோ தினமும் போய்வர ஒரு வண்டி தேடினால், ஏறக்குறைய 13 முதல் 16 கிலோ வரை உள்ள ஹைபிரிட் வகை கிடைக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு கிலோவைக் கழிக்கவும் பணம் ஆயிரக்கணக்கில் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதில் மிஞ்சும் பணத்தை நல்ல டயரில் போடலாம் என்பேன். ஏன் டயர் என்றால், குறைக்கவேண்டிய எடை ஃபிரேமில் இருப்பதைவிடச் சக்கரத்தின் விளிம்பில் இருக்கிறது.

ஓடும் வண்டியில் ஃபிரேம் முன்னே நகர்கிறது, அவ்வளவுதான். ரிம்மும் டயரும் முன்னேயும் நகர்கின்றன, அச்சைச் சுற்றியும் சுழல்கின்றன. நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போது விளிம்பில் உள்ள ஒரு கிலோ, ஃபிரேமில் உள்ள இரண்டு கிலோவுக்குச் சமமான உழைப்பைக் காலிடம் கேட்கும். சேலம் ஐந்து ரோட்டிலும் கொண்டலாம்பட்டி ரவுண்டானாவிலும் நின்று நின்று எடுப்பவருக்கு இது ஒவ்வொரு முறையும் தொடையில் தெரியும்.

ஆகவே கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். ரிம்மில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இரண்டும் பளபளக்கும், கண்ணை நம்ப முடியாது. அலுமினிய ரிம் எடையில் வெகுவாகக் குறைவு. அதைவிட எனக்குப் பிடித்த குணம் ஒன்று அதற்கு உண்டு. மழையில் நனைந்த குரோம் ரிம்மில் பிரேக் ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும். அலுமினியத்தில் நனைந்தாலும் பிடி கிடைக்கும். ஐப்பசி மாதத்துச் சாயங்காலத்தில், பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருக்கையில், நாமக்கல் ரோட்டில் பிரேக் பிடித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரிம்முக்கு அடுத்து ஸ்போக்ஸ் கம்பிகள். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள மெல்லிய கம்பி 36. ஒவ்வொன்றும் ஹப்பிலிருந்து நேராகக் கிளம்பாமல் பக்கவாட்டில் சாய்ந்து ஓடும். பெடலின் முறுக்கு ரிம்முக்குப் போய்ச் சேர்வது அந்தச் சாய்வால்தான். இந்த முறைக்கு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்றார். நூற்றைம்பது ஆண்டுகளாக இதை வெல்ல எளிய வழி ஒன்று வரவில்லை. கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களைக் குனிந்து பாருங்கள். கடைசிக் கடப்பில் ஒன்று மற்றொன்றுக்கு அடியில் நுழைந்து, இரண்டும் லேசாக ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு போகும். இழுவிசை கலையாமல் நிற்க அந்த அழுத்தமும் உதவுகிறது.

நம் உடம்பின் பாரம் கீழ்க்கம்பிகளின் மேல் நிற்பதாக நினைப்போம். மெல்லிய கம்பி பாரம் தாங்கினால் வளைந்துவிடும். எல்லாக் கம்பிகளும் முன்பே இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. நாம் ஏறி உட்கார்ந்ததும் தரையைப் பார்த்திருக்கும் சில கம்பிகளின் இழுப்பு மட்டும் கொஞ்சம் தளர்கிறது. அந்தத் தளர்வின் அளவுதான் நம் பாரம். சக்கரம் சுழலச் சுழல இந்தத் தளர்வு கம்பி கம்பியாகக் கை மாறிக்கொண்டே போகிறது. இதை அறிந்த பிறகு, ஓடுகிற சைக்கிள் எதைப் பார்த்தாலும் என் கண் சக்கரத்தின் அடிப்பக்கம் போய்விடுகிறது.

கம்பிகளை விரல் நகத்தால் சுண்டிப் பார்ப்பது ஒரு சுகம். சேலத்துக் குகைப் பகுதியிலும் அம்மாபேட்டையிலும் நெசவுக்காரர்கள் பாவின் மேல் விரலை ஓட்டித் தளர்ந்த இழையைக் கண்டுபிடிப்பதைப் போல, சுற்றிவரச் சுண்டினால் தளர்ந்த கம்பி தானே காட்டிக்கொடுத்துவிடும். முன்சக்கரத்தில் எல்லாக் கம்பிக்கும் ஏறத்தாழ ஒரே ஒலி வரவேண்டும். கியர் வைத்த பின்சக்கரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக ஒலிக்காது. ஃப்ரீவீலுக்கு இடம் விடுவதற்காக வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், இறுக்கமும் கூடுதல். அங்கே ஒலி உச்சத்தில் இருக்கும். இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து ஒலிக்கும். அந்தந்தப் பக்கத்துக்குள் ஒலி ஒத்திருந்தால் சக்கரம் கோட்டம் இல்லாமல் நெடுநாள் ஓடும்.

இனி அந்தச் சுண்டிவிட்ட முன்சக்கரம். அது சட்டென நின்றால், ஹப்புக்குள் பால்ஸ்களை அழுத்திப் பிடிக்கும் கோன் இறுகியிருக்கிறது. கடகடவென ஆடினால் தளர்ந்திருக்கிறது. சரியாக அமைந்த சக்கரம் மெல்ல மெல்ல ஓய்ந்து, நிற்கப்போகும் தறுவாயில் தயங்கி, தன் கனமான பக்கத்தைக் கீழே கொண்டுவருவதற்காகப் பின்னோக்கித் திரும்பும். அப்படி இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஊசலாடிவிட்டுத்தான் நிலைக்கும். வால்வின் சில கிராம் எடைகூட ஒரு முழுச் சக்கரத்தைத் திருப்பும் அளவுக்கு அதன் பால்ஸ்கள் உருண்டு கொடுக்கின்றன. நான் ஒரு வண்டியில் காசு கொடுத்து வாங்க விரும்புவது இந்த ஊசலாட்டத்தைத்தான்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. பக்கவாட்டில் 700×35 என்று அச்சிட்டிருந்தால் நம் சாலைக்குப் பொருத்தம். 28 மில்லிமீட்டர் அகலம் புறவழிச்சாலையில் பறக்கும், சேந்தமங்கலத்து உள்ரோட்டில் முதுகை உடைக்கும். இரண்டு அங்குல அகலத்தில் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் தார் ரோட்டில் உறுமிக்கொண்டு போகும். கேட்கக் கம்பீரம், ஆனால் அந்த உறுமல் முழுவதும் நம் காலிலிருந்து கழிந்துபோன உழைப்பு. மழைக்குப் பிறகு ரோட்டோரம் படரும் நெருஞ்சியும், எக்காலமும் காத்திருக்கும் சீமைக்கருவேல முள்ளும் இந்தச் சமவெளியின் நிரந்தரக் குடிகள். ஆகவே உள்ளே தடித்த பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் நூறு இருநூறு கிராம் கூடினாலும் அதையே எடுக்கச் சொல்வேன். விளிம்பின் எடையைக் குறைக்கச் சொன்ன வாயாலேயே இதைச் சொல்கிறேன். வழியில் நின்றுவிட்ட வண்டியைப் போலக் கனமானது எதுவும் இல்லை.

ஃபிரேமுக்கு வருவோம். இரும்பைப் பற்றிப் பேச நம் சீமைக்கு உரிமை உண்டு. கஞ்சமலையின் காந்த இரும்புத் தாதுவை நம்பித்தான் மதராஸ் சிவில் சர்வீஸிலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தொழில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆனால் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு அவர் 1839இல் இங்கிலாந்தில் பெற்ற காப்புரிமை, ஷெஃபீல்டின் எஃகுத் தொழிலையே மாற்றியது. 1981இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையும் அதே கஞ்சமலை அடிவாரத்தில்தான் இருக்கிறது. இந்த ஊர்க்காரர் ஒரு குழாயைத் தட்டிப் பார்த்து வாங்குவதில் ஒரு முறைமை இருக்கத்தான் செய்கிறது.

குழாயின் நயம் அதன் உட்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மூட்டும் இரு முனைகளிலும் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் குழாய் இழுக்கும் வித்தைக்கு 1897இல் பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் பின்னாளில் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. அதே குழுமத்தோடு முருகப்பா குடும்பத்தார் 1949இல் கைகோத்ததில் பிறந்ததுதான் நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அங்கிருந்து வந்தன. எங்கள் அப்பா தலைமுறையில் கல்லூரிக்குப் போகும் பையன் கேட்கும் லேசான வண்டி என்றால் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். தான். இன்றைய அலுமினிய ஃபிரேமிலும் நடுவை மெலியச் செய்யும் அந்த வித்தை உண்டு. நடுக்குழாயை விரல் கணுவால் முனையில் ஒரு தட்டு, மையத்தில் ஒரு தட்டு. ஒலி மாறினால் நடு மெலிந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே ஒலி என்றால் நேர்க்குழாய். குறை ஒன்றும் இல்லை, எடை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

முன்ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷனை இந்த விலையில் நான் ஒதுக்கிவிடுவேன். மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல். நம் சாலைக்கு 35 அகல டயரில் உள்ள காற்றே போதிய மெத்தை.

கியர் எத்தனை என்பதில் பலருக்கும் மயக்கம். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏற நினைத்தால் கியர் வேண்டும். கொல்லிமலையின் எழுபதுக்கு உடம்பும் வேண்டும். சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் வரும் சமவெளியில் கியர் இல்லாத வண்டிக்கு ஒரு தனி அழகு இருக்கிறது. செயின் ஒரே நேர்கோட்டில் ஓடும், சத்தமே இராது, பழுது குறைவு. முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 5.3 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பரமத்தி பக்கம் முகத்தில் அறையும்போது இது கனக்கும். சில நூறு ரூபாயில் பின்னே 20 பல் ஃப்ரீவீல் மாற்றிவிட்டால் சுற்றுக்கு 4.8 மீட்டர், மணிக்கு 17 கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டர் வேகம் குறைகிறது. எதிர்காற்றில் முழங்கால் பிழைக்கிறது. இரண்டே பல்லில் ஒரு வண்டியின் குணம் மாறிவிடுவதை முதன்முதலாக உணர்கிறவருக்கு, ஏழு கியரின் மேல் இருந்த ஆசை தானாகவே தணியும். தணியாதவர்கள் ஏழோடு நிறுத்திக்கொள்ளலாம். இருபத்தொன்று விளம்பரத்துக்கு.

உதிரி பாகம் ஊரில் கிடைக்குமா என்பதையும் சக்கரத்துக்குச் சமமாகப் பார்க்க வேண்டும். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம், கிராமத்துக்குக் கிராமம் ஒரு சைக்கிள் கடையை உயிரோடு வைத்திருக்கிறது. அந்தக் கடைப் பெட்டியில் இருக்கும் பிரேக் கட்டையும் கேபிளும் பால்ஸும் நம் வண்டிக்கும் பொருந்தவேண்டும். டியூபில் பைக் வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கில் காற்றடித்துக்கொள்ளலாம். அடிக்குமுன் டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவைப் படிக்க வேண்டும். கட்டைவிரல் அழுத்தம் ஏமாற்றும்.

லேசு லேசு என்று செயின் கவரைக் கழற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. விடாதீர்கள். வேட்டி நுனிக்கும் சுடிதார்க் கீழ்விளிம்புக்கும் கிரீஸ் கறை படாமல் அலுவலகத்தில் இறங்குவது தினசரி வண்டியின் முதல் கடமை. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல், பூட்டு எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று கிலோ கூடும். கூடட்டும். அவை சுழலாத எடை. பெல்லில் மட்டும் பித்தளைக் கிண்ணம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதன் ஒலி சந்தைக் கூட்டத்தில் யாரையும் திடுக்கிடச் செய்யாமல் வழி கேட்கும்.

உயரத்துக்குக் கடையிலேயே சோதனை: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கையில் கால் முழுதாக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் சின்ன மடிப்பு மிஞ்சும், அந்த மடிப்புதான் வேண்டும். சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறவருக்கு எந்த வண்டியும் கனமானதுதான்.

வண்டிகள் பெட்டியில் அரைகுறையாகப் பூட்டி வருகின்றன. கடையில்தான் முழுதாகப் பூட்டுகிறார்கள். அவசரமாகப் பூட்டிய நல்ல வண்டியைவிட நிதானமாகப் பூட்டிய சுமாரான வண்டி லேசாக ஓடும். ராசிபுரம் பக்கம் வயதான ஒரு மெக்கானிக்கிடம் புது வண்டியைக் கொண்டுபோனபோது, "ஏனுங்க, புது வண்டினு அப்படியே ஓட்டிறாதீங்க. ஒருக்கா பிரிச்சு கிரீஸ் வெச்சுக் கோன் புடிக்கோணும்" என்றார். ஹப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே தொழிற்சாலை வைத்த கிரீஸ் பெயருக்குத்தான் இருந்தது. பால்ஸ்களைத் துடைத்து, ஒவ்வொன்றாகக் கிரீஸில் பதித்து, கோனைத் திருகி, பூட்டு நட்டை இறுக்கும்போது கோனும் கூடச் சுழன்றுவிடாமல் மறுகையால் பிடித்துக்கொண்டார். அரைக்கால் திருகு கூடினால் இறுகும், குறைந்தால் ஆடும். நட்டு கடைசியாக இறுகும்போது எவ்வளவு கூடும் என்பதையும் முன்கூட்டிக் கணித்துச் சற்றுத் தளர்த்திவிட்டார். அதற்கு அவர் வாங்கிய கூலி, அந்த வண்டியை இன்னும் அரைக் கிலோ குறைக்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

ஒரு மாதம் ஓட்டியதும் மறுபடி தன்னிடம் வரச் சொன்னார். புதுக் கம்பிகள் அதற்குள் தத்தம் இடத்தில் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்போது ஒருமுறை நிப்பிள்களை இறுக்கிக் கோட்டம் எடுத்துவிட்டால் பிறகு நெடுநாள் சக்கரத்தைத் தொடவேண்டியதில்லையாம்.