நிலத்தடி நீரும் தலைப்புச் செய்தியும்

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறைச் சாப்பாட்டுக் கடையொன்றில், கறிக்குள் கிடந்த கட்டியை ‘மலட்டு மாத்திரை’ என்று சொல்லிச் சண்டை மூண்டது. சுற்றி நின்றவர்கள் சிங்களத்தில் மிரட்டிக் கேட்க, மொழி சரியாகப் புரியாத கடைக்கார முஸ்லிம் இளைஞர் பயத்தில் ஆமென்றுவிட்டார். அந்தக் காணொளி பேஸ்புக்கில் பறந்தது. கட்டி வெறும் மாப்பொருள் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தபோது பள்ளிவாசல் ஏற்கெனவே தாக்கப்பட்டிருந்தது.

மறு ஆண்டு வதந்தி அச்சேறியது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு ஒரு மாதத்தின் பின், 2019 மே 23 அன்று, முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று சிங்கள நாளேடான ‘திவயின’ முதற்பக்கத்தில் எழுதியது. குருநாகல் வைத்தியசாலை மருத்துவர் ஷாபி கைதானார். ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றில் சொன்னது. 2022இல் கிடைத்த சம்பள நிலுவையை, 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாயை, அவர் மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார்.

முஸ்லிம்களுக்கு எதிரான மேடை கொவிட்டுக்கு முன்பே தயார் என்பதைக் காட்டத்தான் இவ்வளவும். கொவிட்டில் இறந்தோரின் அடக்கம், தகனம் இரண்டுக்கும் உலக சுகாதார நிறுவனம் இடம் கொடுத்திருந்தது. ஆனாலும் 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஒக்டோபரில் கொழும்பின் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பகுதிகளில் ஊரடங்கு விழுந்தது. அங்கே தொற்றைவிடத் தொற்றின் முடிவே முஸ்லிம்கள் பலரை அச்சுறுத்தியது. பரிசோதனையில் ‘பொசிட்டிவ்’ வந்து, வைத்தியசாலைக்குப் போய் மௌத்தானால் ஜனாஸா (உடல்) அடக்கப்படாமல் எரிக்கப்படும். ஆகவே காய்ச்சலை மறைத்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கினார்கள். ஒரு சமூகத்தை நோய்காவியாகக் காட்டும் செய்தி நோயையும் பெருக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் தகனத்துக்கு எதிரான மனுக்களைக் காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது. சில நாட்களில், பிறந்து 20 நாளேயான முஸ்லிம் சிசு பொரளை கனத்தை மயானத்தில் எரிக்கப்பட்டது. எதிர்ப்பாக மயான வேலியில் வெள்ளைத் துணிகள் ஏறின. கட்டியவர்களில் பிற மதத்தவர்களும் இருந்தார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட, மறுபடி கட்டினார்கள். கிராண்ட்பாஸிலிருந்து வரும் வீரகேசரி நாளேடும் அதே நிறுவனத்தின் விடிவெள்ளிப் பத்திரிகையும் இதை உரிமைப் பிரச்சினையாக எழுதின. சிங்களத் தொலைக்காட்சிகளில் அது பெரும்பாலும் நோய்த்தடுப்புச் செய்தி. வெள்ளவத்தையில் அடுத்தடுத்த மாடிகளில் குடியிருப்போர் அன்று இருவேறு நாடுகளின் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2021 பெப்ரவரி 25இல் தடை நீங்கியது. அப்போதும் கொழும்பு ஜனாஸாக்கள் கிழக்கிலுள்ள ஓட்டமாவடி மஜ்மா நகருக்கே போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

ஊடகமும் வெறுப்பும் பற்றிய ஆய்வுகள் சிங்களச் சமூக ஊடகங்களின் வெறுப்புப் பேச்சை நன்றாகவே எண்ணியிருக்கின்றன. ஆனால் தனிமைப்படுத்தல் அறிவித்தலை வாசற்கதவில் ஒட்ட வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.), கொட்டாஞ்சேனை வீட்டாரிடம் எந்த மொழியில் என்ன சொன்னார், அதை அவர்கள் எவ்வளவு நம்பினார்கள் என்பதை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும்.