கடைசிச் சொல்லைப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையின் காலி வீதியில் ஒரே நாளின் வீரகேசரியையும் தினகரனையும் வாங்குங்கள். முன்னது 1930இல் தொடங்கிய தனியார் ஏடு. பின்னது 1932இல் பிறந்து, 1973இல் தன் வெளியீட்டு நிறுவனமான லேக் ஹவுஸோடு சேர்ந்து அரசின் கைக்குப் போனது. இரண்டிலும் ஒரே அரசியல்வாதியின் ஒரே பேச்சைத் தேடி எடுத்து, தலைப்பைத் தாண்டி வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்.

தமிழில் வினை கடைசியில் வரும். செய்தி எழுதியவரின் மனமும் அங்கேதான் தெரியும். 'தெரிவித்தார்' என்றால் பட்டும் படாமலும் நிற்கிறார். 'குற்றஞ்சாட்டினார்' என்றால் பொறுப்பைப் பேசியவர் தலையிலேயே வைத்துவிட்டார். 'சுட்டிக்காட்டினார்' என்று எழுதினாலோ, சொன்னது மெய் என்று தானும் ஒப்புக்கொண்டுவிட்டார். இல்லாத ஒன்றை எப்படிச் சுட்டுவது? எனக்கு மிகவும் பிடித்தது 'இடித்துரைத்தார்'. மன்னனைத் திருத்தும் உரிமை பெற்ற பெரியோருக்கு வள்ளுவர் தந்த வினை அது. அதை ஓர் எதிர்க்கட்சி உறுப்பினருக்குக் கொடுத்தால் அவரைத் தூக்கி உயரத்தில் வைத்தாயிற்று.

இந்தப் பழக்கம் வேறு ஊர்களிலும் உண்டு. சீன அரசு ஏடுகளில் இரு நாட்டுத் தலைவர்கள் 'மனந்திறந்து பேசினர்' என்று வந்தால், உடன்பாடு எட்டவில்லை என்று அங்குள்ள வாசகர் புரிந்துகொள்வார்.

இனி வினைகளை விட்டுப் பெயர்ச்சொற்களுக்கு வருவோம். பிரேரணை, வர்த்தமானி, விருப்பு வாக்கு போன்ற சொற்களில் தமிழகத்து வாசகர் தடுக்கி விழுவார். கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடையிலோ அவை அன்றாடப் பேச்சு. இவற்றைத் 'திருத்த' வேண்டாம். மும்மொழியில் சட்டம் எழுதும் நாட்டில் எங்கள் தமிழ் உழைத்துப் பெற்ற சொற்கள் இவை.

அந்த மும்மொழிதான் இப்படிச் சொல் பார்த்து வாசிக்கும் ரசனையின் உச்சம். 2017 செப்டெம்பரில் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தல் குழு, புதிய அரசியலமைப்பு குறித்த இடைக்கால அறிக்கையை முன்வைத்தது. நாட்டின் தன்மையைக் குறிக்கச் சிங்களத்தில், ஒற்றையாட்சிக்கான பழைய சொல்லான 'ஏக்கிய ராஜ்ய' அப்படியே நின்றது. தமிழில் மட்டும் 'ஒற்றையாட்சி' போய் 'ஒருமித்த நாடு' வந்தது. ஆங்கிலப் பிரதியும் தனக்கென ஒரு சொல் தேடாமல் அந்த இரண்டையுமே எழுத்துப்பெயர்த்து வைத்துக்கொண்டது.

இரண்டு தமிழ்ச் சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஒற்றை' தொடக்கத்திலேயே தனியானது. 'ஒருமித்த' என்றால் பலர் மனமொத்துச் சேர்ந்தது. அதற்குள் குறைந்தது இருவர் இருக்கிறார்கள். இது விட்டுக்கொடுப்பு என்று சிலர் வாதிட்டார்கள், கண்கட்டு வித்தை என்று சிலர் கொதித்தார்கள். சிங்களமும் படிக்கத் தெரிந்த வெள்ளவத்தைக்காரருக்கு இரண்டு வாதமும் ஒரே பக்கத்தில் தெரிந்தது. ஆகவே முக்கியமான அரசியல் சொல் கண்ணில் படும்போதெல்லாம் அதன் சிங்கள இணையையும் யாரிடமாவது கேட்டுவிடுங்கள்.

அந்த அறிக்கை சட்டமாகவில்லை. 1978 அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரையில் இன்றும் இருப்பது 'ஒற்றையாட்சி'தான்.