ஒற்றுமைப் பட்டியலும் கோமாரி வீதியும்

சமயங்களை ஒப்பிட்டு எழுதும் கட்டுரைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. மீலாத் மலர்களிலும் கும்பாபிஷேக மலர்களிலும் அவை தவறாது இடம்பெறும். எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன எனத் தொடங்கி, நோன்புக்கு விரதம், ஸகாத்துக்குத் தானம், ஹஜ்ஜுக்கு யாத்திரை என்று சோடி சோடியாக நிறுத்தி, நல்லிணக்கத்தை வேண்டி முடிப்பது அவற்றின் வழமை. நல்ல நோக்கத்தோடு எழுதப்படுபவைதாம், அதில் ஐயமில்லை. ஆயினும் இந்த ஒற்றுமைகள் சமூகத்தில் உண்மையில் என்ன வேலையைச் செய்திருக்கின்றன என்ற கேள்வியை அவை கேட்பதேயில்லை.

அம்பாறைக் கரையோரத்தைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு ஆதாரம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்தவர். அவ்வாய்வின் நெடுநாள் விளைச்சல் 2008இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. ‘மோதலின் மூசை’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தட்டார் பொன் உருக்கும் மூசையைத்தான் சொல்கிறேன். தமிழரும் முஸ்லிம்களும் இக்கரையில் எவ்வளவு நெருங்கிய சமூக அமைப்பைக் கொண்டவர்கள் என்பதை இந்நூலளவுக்கு விரிவாகச் சொன்ன நூல்கள் மிகச் சில.

அதன் மையம் குடி முறை. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. மச்சான் மச்சாள் முறை பார்த்துக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்கள் இரு சாராருமே. கோயிலில் குடிகளின் சார்பாக வண்ணக்கர் இருப்பார். பள்ளிவாசலில் குடிகளின் சார்பாக மரைக்கார் இருப்பார். கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்று பங்கு இருப்பது போலவே பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிக்குக் குடி இடம் இருந்தது. சிவனைத் தொழுதவரும் அல்லாஹ்வைத் தொழுதவரும் தமது வணக்கத்தலத்தை நிருவகித்த விதம் ஒரே அச்சில் வார்த்ததாக இருந்தது.

வீட்டு விடயம் இன்னும் சுவையானது. மார்க்கப்படி மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும். வாரிசுரிமையில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. கிதாபில் உள்ளது இது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் நடப்பதோ வேறு. வாப்பா உயிரோடிருக்கும்போதே மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிடுவார். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் அப்பா செய்வதும் இதுவே. ஒருவர் தன் வாழ்நாளில் தன் சொத்தை அன்பளிப்பாகக் கொடுப்பதை ஷரீஅத் தடுக்கவில்லை. ஆகவே கிதாபும் மீறப்படவில்லை, ஊர் வழமையும் கைவிடப்படவில்லை. சமயம் சமூகத்தை ஆள்கிறது என்று சொல்வோர் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். சமூகம் தனக்குத் தேவையான வழமையை வைத்துக்கொண்டு, அதற்குச் சமயத்தில் ஒரு வாசலைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. அந்த வாசலுக்குப் பின்னால் வீடு கட்டியே முதுகு வளைந்த வாப்பாமாரின் கதை வேறு. சீதன எதிர்ப்புப் பேசுகின்ற நமது சிறுகதைகள் அதை ஓரளவு சொல்லியிருக்கின்றன.

இத்தனை ஒற்றுமைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். மொழி, வழமை, தோற்றம் முதலியவற்றில் உள்ள ஒற்றுமைகளை அடுக்கி, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, சமயத்தால் மட்டும் இஸ்லாமியர் என்பது அவரது வாதம். சட்டசபையில் சோனகருக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்பது பேசுபொருளாக இருந்த காலம் அது. மறு ஆண்டு, 1889இல், எம். ஸீ. அப்துல் ரஹ்மான் முதல் சோனக உறுப்பினராக நியமனம் பெற்றார். இராமநாதனுக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதிய மறுப்பு, அறபு வம்சாவளியை முன்வைத்து வேற்றுமைகளை அடுக்கியது. ஒருவர் ஒற்றுமையை எண்ணினார், மற்றவர் வேற்றுமையை எண்ணினார். இருவரும் எண்ணியது ஓர் ஆசனத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான். இன்று நல்லிணக்க மலரில் வருகின்ற ஒற்றுமைப் பட்டியல் இராமநாதனின் பட்டியலிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. அன்று அது ஒரு சமூகத்தின் தனித்துவத்தை மறுக்கப் பயன்பட்டது, இன்று அணைத்துக்கொள்ளப் பயன்படுகிறது. அந்தப் பட்டியலைக் கேட்டதும் முஸ்லிம் வாசகர் ஒருவர் சற்றுப் பின்வாங்குவாரானால் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காரணம் இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் கொடியது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். முஸ்லிம் ஊர்காவற்படையினர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது நமது இரு பக்கத்து எழுத்துகளிலும் கண்ட குறை. கொன்றவர் பக்கத்திலும் கொல்லப்பட்டவர் பக்கத்திலும் தாய்வழிக் குடிகள் இருந்தன. மகளுக்கு வீடு கொடுக்கின்ற தகப்பன்மார் இருந்தார்கள். ஒற்றுமை ஒரு துப்பாக்கியையும் தடுக்கவில்லை.

மக்கில்வ்ரேயின் நூலில் எனக்குள்ள மனக்குறையும் இதையொட்டியதே. நூலின் பெரும்பகுதி போருக்கு முந்திய அக்கரைப்பற்றைப் பற்றியது. அதை வாசித்து முடிக்கின்ற நம்மவர், ‘அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தோம், அரசியல்வாதிகள் வந்து கெடுத்தார்கள்’ என்ற ஏக்கத்தோடு நூலை மூடிவிடுவது எளிது. நூலாசிரியர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மூசை என்று பெயர் வைத்துவிட்டு, நெருப்பை விட உலோகத்தைப் பற்றியே அதிகம் பேசினால் வாசகர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

ஒற்றுமை காப்பாற்றவில்லையென்றால் எது ஓரளவாவது உதவியிருக்கிறது? கோமாரியை எடுத்துக்கொள்வோம். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, பிரதான வீதியோரம் உள்ள தமிழ்க் கிராமம். 2004 சுனாமியில் நொந்த ஊர். ஆடிவேல் காலத்தில் வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்துக்கு நடந்து போகின்ற அடியார்கள் இவ்வழியாகத்தான் பொத்துவில் என்ற முஸ்லிம் ஊரைக் கடந்து, பாணமை, உகந்தை, குமணக் காடு என்று தெற்கே போகிறார்கள். போய்ச் சேருமிடத்தில் முருகனும் உண்டு, சிங்களவரின் கதரகம தெய்யோவும் உண்டு, ஹிழ்ர் நபியின் பெயரால் ஒரு பள்ளிவாசலும் உண்டு. சூரா கஹ்பில் மூஸா நபி சந்திக்கின்ற, பெயர் சொல்லப்படாத அந்த அடியாரையே ஹிழ்ர் என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. கதிர்காமத்தில் மூன்று நம்பிக்கைகளும் கரைந்து ஒன்றாகிவிட்டன என்று எழுதுவோர் உண்டு. நான் அப்படிக் காணவில்லை. அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன; தத்தம் வேலையைப் பார்க்கின்றன.

இதே வீதியில் 2021 பெப்ரவரி 3ஆம் திகதி வேறொரு நடை, எதிர்த்திசையில், பொத்துவிலில் தொடங்கியது. பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணியைச் சொல்கிறேன். காணி அபகரிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள், மலையகத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் என்ற கோரிக்கைகளோடு, முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிப்பதை நிறுத்து என்பதும் அதில் இருந்தது. 2020 மார்ச் இறுதியிலிருந்து கொவிட் என்ற பெயரில் எரித்துக்கொண்டிருந்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளேயான சிசுவும் தப்பவில்லை. பேரணி முடிந்த அதே மாத இறுதியில் தடை நீங்கி, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. பேரணியால்தான் நீங்கியது என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு அழுத்தமும் சேர்ந்தே வேலை செய்தது. என் கவனம் வேறிடத்தில். பிரேதத்தைத் தீயிலிடுவதை இந்து சமயம் கிரியையாகவே கொண்டாடுகிறது. நமக்கோ மையித்தை எரிப்பது நினைக்கவும் முடியாத கொடுமை. ஒப்பீட்டுக் கட்டுரையாளர் எவரும் ‘ஒற்றுமை’ நிரலில் போட முடியாத விடயம் இது. தன் தகப்பனுக்குக் கொள்ளி வைத்த ஒருவர், மற்றவரின் தகப்பனை எரிக்காதே என்று வீதியில் நடந்தார். அதற்கு அவர் அடக்கம் செய்வதை நம்பத் தேவையிருக்கவில்லை. அது மற்றவருக்கு எவ்வளவு கனமானது என்று புரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கபுறு வேதனையையும் மறுபிறப்பையும் ஒரே பக்கத்தில் வைத்து ஒத்துப்போகச் செய்கின்ற உழைப்பை விட, இந்த ஒரு நடையை ஒழுங்காக எழுதுவது நமது எழுத்துக்குக் கடினமான வேலை. ஏனென்றால் அதில் நடந்தவர்களில் சிலரும் வரவேற்றவர்களில் சிலரும் கல்முனை வடக்குப் பிரதேச செயலக விடயத்தில் எதிரெதிரே நிற்பவர்கள். அதைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் கல்முனையில் பௌத்த பிக்குவும் இந்துக் குருக்களும் சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள், முஸ்லிம்கள் எதிர்ப்புக்கு அமர்ந்தார்கள். எல்லைக் கோடும் காணிப் பதிவும் சம்பந்தப்பட்ட விடயம்; அங்கே போய் உட்கார்ந்தவை காவியுடையும் திருநீறும் தொப்பியும். ஜனாஸாவுக்காக வீதிக்கு இறங்கியவர்களும் இவர்கள்தாம்; செயலகத்துக்காக எதிரெதிரே கொட்டில் போட்டவர்களும் இவர்கள்தாம். இரண்டு ஆண்டு கூட இடைவெளியில்லை.