ஒரே மைக், ஒன்பது காதுகள்

தைப்பூசத்துக்கு முன்பாக முருகன் பாடல்கள் சிலவற்றைப் பதிவு செய்ய பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை கிடைத்தது. பாட்டு, கோரஸ், தம்புரா, வயலின், மிருதங்கம். கடைசி நாள் கிள்ளானிலிருந்து உறுமி மேளக் குழு. கையிலிருந்த பணத்துக்குச் சுமாரான மைக் ஐந்து வாங்கலாம், அல்லது நல்லது ஒன்று. ஒன்றையே வாங்கினேன். அந்த முடிவை நினைத்து இன்றும் மகிழ்கிறேன்.

மேடைக்காரர்கள் எல்லோரும் அறிந்த ஷூர் எஸ்எம்57 முதலில் நினைவுக்கு வந்தது. 1965-இல் வந்த மைக். மின்சாரம் கேட்காது, மேளத்தின் அடியைத் தாங்கும், கோலாலம்பூரின் ஈரக்காற்றுக்கும் அஞ்சாது. ஆனால் தம்புராவை அதன் முன் மீட்டிப் பாருங்கள். நரம்புக்கும் குதிரைக்கும் நடுவே செருகிய சிறு ஜீவா நூலால் எழுகிற அந்தத் தேன்வண்டு ரீங்காரம் பாதி உதிர்ந்துவிடும். அடியை அறிந்த மைக்குக்கு இழையைத் தெரியவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும்.

அதனால்தான் ஏகேஜி சி414 எக்ஸ்எல்எஸ். 1971-இல் தொடங்கிய வம்சம். கம்பிவலைக்குள் முதுகோடு முதுகாக ஓர் அங்குல அளவில் இரண்டு சவ்வுகள். பின்சவ்வுக்குப் போகும் மின்னழுத்தத்தை மாற்றினால் மைக் கேட்கும் திசையே மாறிவிடும். முன்பக்கம் மட்டும் கேட்கும் இதய வடிவம், எல்லாத் திசையும் கேட்கும் வட்டம், முன்னும் பின்னும் கேட்டுப் பக்கங்களை மறுக்கும் எட்டு வடிவம், இவற்றின் இடைநிலைகள் என மொத்தம் ஒன்பது. ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். இதே மைக்கின் உடன்பிறப்பான எக்ஸ்எல்II உச்ச ஒலிகளைச் சற்றுத் தூக்கிப் பளபளப்பாக்கும். பாடகருக்கு அது அழகு. நாள் முழுதும் பல கருவிகளைக் கேட்கப்போகிற மைக்குக்குப் பூச்சில்லாத எக்ஸ்எல்எஸ்தான் பொருத்தம் என்பது என் கருத்து. ஒரு பாட்டின் ஏழு அடுக்குகளிலும் அதே பளபளப்பு ஏறினால் காது கூசும்.

அந்த எட்டு வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. பாடகி ஒரு பக்கம், கோரஸ் பாடும் மூவர் எதிர்ப்பக்கம், நடுவில் மைக். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பாடினார்கள். மூச்சு எங்கே எடுப்பது என்று யாரும் எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கோரஸ் அதிகம் கேட்டால் அவர்கள் அரை அடி பின்னே நகர்ந்தார்கள், அவ்வளவுதான் மிக்சிங். 1925-இல் மின்வழிப் பதிவு வரும் வரைக்கும் கிராமபோன் கூம்பின் முன்னால் வித்வான்கள் இப்படித்தான் தள்ளியும் நெருங்கியும் அமர்ந்தார்கள். இன்னொரு நயமும் அன்றுதான் பிடிபட்டது. எட்டு வடிவத்தின் செவிட்டுத்தன்மை இடம் வலத்தோடு நிற்பதில்லை. நட்டு வைத்த மைக்கின் தலைக்கு மேலும் அது நீள்கிறது. கூரை மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டோம். அதன் நேரோசை மைக்குக்கு எட்டவில்லை. நம் ஊர் வெக்கையில் பாடுபவருக்கு இதைவிட என்ன உபசாரம்!

தனிப்பாட்டுக்கு இதய வடிவம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, உதட்டுக்கு நேராக வைக்காமல் மூக்குயரத்தில். ‘பழனி’யின் பகரம் வெடித்துவிடாமல் கீழாகக் கடந்துபோகும். நெருங்க நெருங்க குரலின் அடித்தளம் பருக்கும். மெல்லிய குரலுக்கு நான்கு விரல் நெருக்கம் ஒரு போர்வை போல.

தண்டவாளம் தொலைவில் இல்லாததால் ரயில் போகும்போதெல்லாம் தரையோரமாக ஒரு முணுமுணுப்பு ஊர்ந்து வரும். 80 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டும் விசையைப் போட்டதும் குரல் சுத்தமாயிற்று. அதே விசையோடு மிருதங்கத்துக்குப் போனேன். வித்வான் நாலு சொல் வாசித்து நிறுத்தினார். “தம்பி, வலந்தலை பேசுது. தொப்பி எங்கப்பா?” அவர் சொன்னது சரி. ரவை அப்பிய இடது தோலின் ‘தொம்’ வாழ்வதே அந்தத் தாழ்வாரத்தில்தான். 40-க்கு இறக்கினேன், ரயில் இல்லாத இடைவெளிக்குக் காத்திருந்தோம். மைக்கை மிருதங்கத்தின் நடுவுக்கு நேரே இரண்டடியில் வைத்துவிட்டு, தொப்பிப் பக்கம் ஒரு சாண் நகர்த்தினேன். கும்கி வழுக்கி ஏறும்போது உள்ளங்கை தோலில் உரசும் சத்தம்கூட வந்தது. “இப்ப இருக்கு” என்றார். வயலினுக்கு மேலேயிருந்து இரண்டரை அடி. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சி414 போல மின்னூட்டத்தில் இயங்கும் மைக்குக்கு ஈரம் எமன். முன்பு என்னிடம் இருந்த ஒன்று மழைக்கால மாலையில், பாட்டின் நடுவே, வாணலியில் கடுகு மாதிரி பொரிந்தது. சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் ஈரம் புகுந்தால் மின்னூட்டம் கசிந்துவிடும். இதை இரவில் சிலிக்கா மணிகளோடு மூடிய டப்பாவில்தான் தூங்க வைத்தேன்.

கடைசி நாள் கிள்ளான் பையன்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பத்துமலை ஊர்வலத்தில் வாசித்து உரமேறிய கைகள். அறைக்குள் அந்தச் சத்தம் நெஞ்சில் இடித்தது. மைக்கை வட்ட வடிவத்துக்கு மாற்றி, 18 டெசிபெல் அடக்கும் விசையைப் போட்டு, குழுவை அதைச் சுற்றி நிறுத்தினேன். தவில்காரத் தம்பி ஒவ்வொரு முறையும் “அண்ணா, இன்னும் தள்ளவா?” என்று கேட்டுக் கேட்டுச் சுவர் வரை போய்விட்டான். உறுமிக்காரர் மட்டும் நாலடியில் நின்றார். மூன்றாம் முறை வாசித்தது அமைந்தது. கடைசி அடி விழுந்து எல்லாம் நின்ற பிறகும், வளைந்த குச்சி தோலில் தேய்ந்து ஓர் உறுமல் கீழே இறங்கி இறங்கித் தேய்ந்தது. அது முடியுமிடத்தில் குச்சி தோலை விட்டுப் பிரியும் மெல்லிய ‘ட்டக்’, அதன்பின் அவர் விட்ட மூச்சு. இரண்டையும் வெட்டாமல் அப்படியே விட்டேன்.