ரிஸாவும் வஸ்ஃபும்

அந்தலுஸைக் கண்டு திரும்பிய நம்மவர்கள் தமிழில் எழுதிய பயணக் கட்டுரைகளில் நாம் படித்தவற்றை ஒருசேர வைத்து நோக்கினால், அவற்றிடையே ஒரு பொதுத்தன்மை புலப்படுகின்றது. ஆசிரியர் குர்துபாப் பெரிய பள்ளிவாசலின் வாயிலை அடைகிறார், கண்கள் குளமாகின்றன. தாரிக் இப்னு ஸியாதில் தொடங்கி, 1492இல் கிரனாடா வீழ்ந்தது வரை வரலாறு ஒருமுறை சொல்லப்படுகின்றது. பாங்கொலி கேளாத மிஹ்ராபின் முன் ஒரு பெருமூச்சு. அத்துடன் கட்டுரை நிறைவுறுகின்றது. தூண்கள் எங்கிருந்து வந்தவை, வளைவுகள் ஏன் இரண்டடுக்காக நிற்கின்றன, கூரை எதனாலானது என்னும் வினாக்களுக்கு அங்கே விடை இல்லை. வீட்டை விட்டு வெளியேறாமலே அவற்றை எழுதியிருக்கலாம் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதனைக் குறையாகச் சொல்லும் தகுதி நமக்கும் இல்லைதான். சில ஆண்டுகளுக்கு முன் அந்நகரில் இரண்டு நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியபோது நாமும் அவ்வாறே அழுதோம், அவ்வாறே திரும்பினோம். உள்ளே தொழுவதற்கு அனுமதி இல்லை என்பதை முன்பே அறிந்திருந்தும், காவலர் ஒருவர் நம் தொப்பியைக் கூர்ந்து நோக்கியதையே ஊர் திரும்பிய பின் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். பார்த்த கட்டடத்தைப் பற்றிச் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்கவில்லை.

அரபு இலக்கியத்தில் ரிஸா என்பது இரங்கற்பா. வஸ்ஃப் என்பது கண்டதைக் கண்டவாறு எடுத்துரைக்கும் வர்ணனை. இரண்டும் தனித்தனித் துறைகள். அபுல் பகா அர்ருன்தீ (இறப்பு 1285) அந்தலுஸின் நகரங்களுக்காகப் பாடிய இரங்கற் கஸீதாவை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். 1236இல் குர்துபாவும் 1248இல் இஷ்பீலிய்யாவும் கைமாறிய காலத்திலேயே வாழ்ந்தவர் அவர். அவருடைய கண்ணீர் அவருக்கு உரியது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் விமானத்தில் சென்று இறங்கும் நாம் அதனைக் கடன் வாங்குவது எவ்வகையில் பொருந்தும்? அல்லாமா இக்பால் 1933இல் அப்பள்ளியைக் கண்டார். 1935இல் வெளிவந்த 'பாலே ஜிப்ரீல்' தொகுப்பில் அதைப் பற்றிய அவரது நெடும் கவிதை இடம்பெற்றது. அதனை நிதானமாகப் படிப்பவர்க்கு, அது காலத்தையும் மனிதன் படைக்கும் கலையின் நிலைபேற்றையும் பற்றிய சிந்தனை என்பது விளங்கும். நம்மவர்கள் அதிலிருந்தும் கண்ணீரை மட்டுமே எடுத்துக்கொண்டனர்.

வஸ்ஃபுக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. சிசிலியின் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் தமது புவியியல் நூலை நிறைவு செய்த அல் இத்ரீஸி, குர்துபாப் பள்ளியைப் பற்றி எழுதும்போது தூண் வரிசைகளைக் கணக்கிடுகிறார்; கூரை மரம் தர்த்தூஷாப் பகுதியின் பைன் என்று குறிக்கிறார்; அதன்மேல் தீட்டப்பட்ட வண்ணங்களைக்கூட விடவில்லை. தமிழில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடிய பின்னரே கதைக்குள் நுழைகிறார். அவர் மக்காவைக் கண்டு பாடினாரா என்பது வேறு விவாதம்.

நாம் ஒரு கட்டடத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது ஸ்பெயினில் அன்று. நாம் குடியிருக்கும் திருத்தணியில். திருத்தணி என்றால் மலைமேல் உள்ள முருகன் கோயிலும் அதன் 365 படிகளுமே எவர்க்கும் நினைவுக்கு வரும். நாம் குறிப்பிடுவது மலைக்குக் கீழே உள்ள சிறிய வீரட்டானேசுவரர் கோயிலை. அவ்வழியே எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். குர்துபாவிலிருந்து வந்த சில வாரங்களில் ஒருநாள், அதன் பின்புறம் நேர்ச்சுவராக இல்லாமல் வளைந்து செல்வதை முதன்முறையாகக் கவனித்தோம். யானை படுத்திருக்கையில் அதன் பின்புறம் தோன்றுவது போன்ற இவ்வடிவத்தைத் தமிழர் தூங்கானை மாடம் என்றனர். ஒவ்வொரு கல்லின் முகமும் வளைவுக்கு இசையச் செதுக்கப்பட்டால்தான் சுவர் இவ்வாறு ஒழுகி வரும். கருங்கல்லில் அது எளிய வேலை அன்று. சுவரோரம் குனிந்து கல்லின் இணைப்புகளைத் தடவிக்கொண்டிருந்தபோது, விளக்கேற்ற வந்த பெரியவர் ஒருவர், "என்ன பாய், அளவெடுக்கிறீங்களா?" என்று சிரித்தபடி கேட்டார்.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னன் அபராசிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி இது. அதனைப் பற்றி மன்னனே இயற்றியதாகக் கூறப்படும் ஒரு வெண்பா இங்கே கல்லில் உள்ளது. கட்டியவர் பெயரும், கட்டிய கல் கருங்கல் என்பதும் அந்நான்கு அடிகளுக்குள் அடங்கியுள்ளன. அரசன் எழுதியது வஸ்ஃப்.

வளைந்த பின்சுவர் என்னும் இவ்வடிவம் கார்லே முதலிய பௌத்தக் குடைவரைகளில் முன்பே இருந்தது. மாமல்லபுரத்தின் சகாதேவ ரதத்தில் அதனைச் சைவ வைணவக் கலைஞர்கள் தமதாக்கினர்; அருகில் ஒரு கல் யானையையும் நிறுத்தி வைத்தனர். எல்லைக்கு அப்பால், இன்றைய திருப்பதி மாவட்டத்துக் குடிமல்லத்திலும் இதே வடிவில் ஒரு கோயில் உண்டு. 1960இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது; தச்சர்கள் கொண்டு சென்ற வடிவத்துக்கு அந்தக் கோடு தெரியாது.

இவ்வளவும் விளங்கிய பின்னரே குர்துபாவில் எடுத்த நிழற்படங்களை மீண்டும் விரித்து வைத்தோம். முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஐ ஒட்டி அப்பள்ளியைத் தொடங்கியபோது கிடைத்தவை, ரோமர், விசிகோத்தியர் கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்கள். அவை விரிந்த கூடத்துக்குப் போதாத உயரமுடையவை; அளவிலும் ஒன்றுபோல் இல்லாதவை. எனவே தூணின் மேல் ஒரு வளைவு, அதற்கு மேல் சதுரக் கம்பம், அதன் தலையில் மற்றொரு வளைவு என்று அடுக்கினர். கீழ்வளைவு தூண்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும். மேல்வளைவு கூரையைத் தாங்கும். செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வருவதால் உண்டாகும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் ரோமர் நுட்பத்தின் சாயல் கொண்டவை. இரண்டாம் ஹகம் தமது மிஹ்ராபுக்குக் கண்ணாடித் துண்டுகளையும் அவற்றைப் பதிக்கும் கைவினைஞரையும் பைஸாந்தியப் பேரரசரிடமிருந்து வரவழைத்ததாக இப்னு இதாரி எழுதுகிறார். குறைந்த உயரத் தூண்களை வைத்துக்கொண்டு அத்தகைய கூடத்தை எழுப்பியவர்களின் மதிநுட்பம், நமது அழுகைக் கட்டுரைகளில் ஒரு வரியும் பெறவில்லை.

அக்கட்டுரைகள் விட்டுவிட்ட இன்னொரு செய்தி இதைவிடக் கனமானது. 1523இல் பள்ளியின் நடுப்பகுதியை இடித்துப் பேராலயம் எழுப்ப ஆயர் முனைந்தபோது எதிர்த்து நின்றது குர்துபாவின் நகர மன்றம், கிறிஸ்தவர்களின் மன்றம். இடிப்பு வேலையில் ஈடுபடும் கொத்தருக்கும் தச்சருக்கும் மரண தண்டனை என்று அது பறையறிவித்தது. பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் ஆயர் பக்கம் சாய்ந்ததால்தான் வேலை நடந்தது. அந்நகர மக்கள் தம்முடையதல்லாத மார்க்கத்தின் கட்டடத்துக்காக இவ்வாறு நின்றனர் என்பதை எழுதினால், நம் கட்டுரையின் ஓட்டம் தடைப்படும் என்று அஞ்சினோம் போலும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கல் பள்ளிகள் உள்ளன. கோயில் மண்டபம் கட்டிய அதே தச்சு மரபில், உருவங்களை விலக்கி, பூவும் கொடியும் மட்டும் செதுக்கிய தூண்களும் பொதிகைகளும் அவற்றுக்கு உண்டு. கவிகை மாடமோ உயர்ந்த மினாராவோ இல்லாததால் இவை இஸ்லாமியக் கலை ஆகா என்று எண்ணுவோர் நம்மிடையே உள்ளனர். இவ்வகைப் பள்ளிகள் பலவற்றில் கல்லின் மீது எண்ணெய் வண்ணம் பூசப்பட்டுள்ளது. சிலவற்றில் கல்லே போய்விட்டது. இடவசதி வேண்டும் என்பது மெய்யான தேவை. அதனை நாம் மறுக்கவில்லை. இரண்டாம் ஹகமுக்கும் இடம் போதவில்லை. பழையதை நிறுத்திவைத்தே அவர் தெற்கே நீட்டினார்.

கடந்த ஆண்டு இறுதி வகுப்பு மாணவர்களுக்கு இன்ஷாப் பாடத்தில் ஒரு பயிற்சி கொடுத்தோம். தத்தம் மஹல்லாப் பள்ளியை அரபியில் வர்ணிக்க வேண்டும். 'அழகிய', 'மகத்தான' என்னும் சொற்கள் கூடா. பெரும்பாலோர் அரைப் பக்கத்தில் திணறி நின்றனர். ஒரு மாணவர் மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்: தூண்கள் பதினாறு, எட்டுப் பட்டை, பொதிகையில் தலைகீழ்த் தாமரை மொட்டு, தரைக்கல் கோடையிலும் குளிர்ச்சி. எவ்வாறு இவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்தது என்று வினவினோம்.

"வாப்பா எடுத்த பழைய ஃபோட்டோவை வெச்சு எழுதினேன் ஹஸ்ரத். பள்ளியை இடிச்சு நாலு வருஷமாச்சு. ரெண்டு தூணு மட்டும் ஹவுளுக்குப் பக்கத்துல படுத்துக் கிடக்கு. ஒளுச் செய்யறவங்க அதுமேல உட்காருவாங்க" என்றார்.